மூன்றாம் அடுக்கின் ஆசிரியை

வாசிக்கத் தெரியாத ஒரு சிறுமியை, வாசிக்கத் தெரியாத மற்றப் பிள்ளைகளுக்கு வாசிப்பு ஆசிரியையாக நியமித்தவன் நான். ஏதோ ஒருநாள் அவசரத்துக்கு அல்ல. ஆடிக் காற்றில் தொடங்கிய அந்த நியமனம் தை மாதக் காற்று வரை நீடித்தது. இடையில் மேலதிகாரி ஒருவர் வந்து பார்த்து, பாராட்டி எழுதிவிட்டும் போனார். 'பயிற்சி பெற்ற ஆசிரியர்' என்ற சான்றிதழ் அப்போது என் தகரப்பெட்டியில் இருந்தது. இப்போதும் இருக்கிறது. கரையானுக்குக்கூட அதில் நாட்டம் வரவில்லை.

எழுபதுகளில் நடந்தது. கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கேரளப் பக்கத்தில், தமிழ் மீடியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் எனக்கு முதல் வேலை கிடைத்திருந்தது. நான்காம் வகுப்போடு முடிந்துவிடுகிற பள்ளி. நான்கு வகுப்புகளுக்கும் சேர்த்து ஒரே நீளக் கூடம். நடுவில் தடுப்புச் சுவர் கிடையாது. முதல் வகுப்பு அ, ஆ சொல்லும்போது நான்காம் வகுப்பு தேனீயைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கும். யார் எதைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது அவரவர் காதைப் பொறுத்தது. ஆசிரியர்கள் நாங்கள் இரண்டு பேர்: தலைமையாசிரியரும் நானும். மற்றப் பணியிடங்களுக்குத் தமிழ் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்று மேலிடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லையைத் தாண்டி எந்தத் திசையில் கல்லெறிந்தாலும் தமிழ் தெரிந்த ஒருவர் மேல்தான் விழும். ஆனால் மேலிடம் கல்லெறிகிற இடம் அல்ல.

நான் பீர்மேட்டுக்காரன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன். என் பேச்சு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தது. முதல் நாள் வகுப்பில் நான் "ஏலே" என்று கூப்பிட்டதும் பள்ளிக்கூடமே சிரித்தது. ஊர்ப் பெரியவர்களை மரியாதையாக "அண்ணாச்சி" என்று அழைத்தேன். அவர்களுக்கு அது பலசரக்குக் கடைக்காரரைக் கூப்பிடுகிற வார்த்தை. அவர்களுடைய ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு 'ங்க' வரும்; திட்டும்போதும் வரும். அது எனக்குப் பழக ஒரு வருஷம் ஆயிற்று.

என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடை அறையில் வேலை பார்த்தார். தூளைச் சலித்து, பெரியது, நடுத்தரம், பொடி என்று பிரிப்பது அவருடைய வேலை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பாலக்காட்டுப் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகம் எனக்குக் கிடைத்தபோது, அது குழந்தைகளைப் பிரித்துப் பாடம் சொல்வதைப் பற்றிப் பேசியதும், எனக்குப் பரம்பரை ரத்தம் பொங்கிவிட்டது.

புத்தகம் சொன்ன யோசனை எளிமையானது. எல்லாருக்கும் பொதுவாகப் பாடம் நடத்து. அது முதல் அடுக்கு. அதில் பின்தங்குகிறவர்களைச் சிறு கூட்டமாக உட்காரவைத்து மறுபடி நடத்து. அது இரண்டாம் அடுக்கு. அதிலும் தேறாதவர்களைத் தனித்தனியாகக் கவனி. அது மூன்றாம் அடுக்கு. யாருக்கு உதவி அதிகம் வேண்டுமோ அவர்களுக்கு நல்ல ஆசிரியரும் அதிக நேரமும் கொடுக்க வேண்டும். அவ்வப்போது சோதித்து, தேறியவர்களை மேலே ஏற்ற வேண்டும். நான் அந்தப் புத்தகத்தில் பாதியைப் புரிந்துகொண்டு, மறுபாதியை அமலாக்கினேன்.

முதலில் பரிசோதனை. நான்காம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, புத்தகத்தில் தேனீப் பாடத்தை வாசிக்கச் சொன்னேன். தண்ணீர் மாதிரி ஓடினால் முதல் அடுக்கு. தட்டுத் தடுமாறினால் இரண்டாவது. நின்றே போனால் மூன்றாவது.

கத்தரித் தோட்டம் வைத்திருந்த ஒருவரின் மகள் வந்தாள். புத்தகத்தை வாங்கினாள், படத்தைப் பார்த்தாள், ஆரம்பித்தாள். நிறுத்தக்குறிகளில்கூட மூச்சு வாங்கவில்லை. கேள்விக்குறி வந்த இடத்தில் குரல் உயர்ந்தது. ஆச்சரியக்குறி வந்த இடத்தில் புருவம் உயர்ந்தது. பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள்கூட அப்படி வாசித்து நான் கேட்டதில்லை. பாடத்தை முடித்துவிட்டு, கேட்காமலே அடுத்த பாடத்துக்குப் போனாள். நான்தான் நிறுத்தினேன்.

அவளுக்கு அடுத்து மாவு மில் வீட்டுப் பெண். அவள் புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "தே... னீ..." என்று தொடங்கினாள். பிறகு விரலை அடுத்த எழுத்தின் மேல் வைத்தாள். அந்த எழுத்து யாருடைய வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வரிக்கு அவள் வருவதற்குள் மதிய மணி அடித்துவிட்டது. மூன்றாம் அடுக்கு என்று எழுதிக்கொண்டு சாப்பிடப் போனேன்.

சுவரில் ஒட்ட வண்ணத்தாளில் அட்டவணை தயாரித்தேன். மேலே ஒரு கட்டம், நடுவில் ஒன்று, கீழே ஒன்று. ஒவ்வொன்றிலும் பிள்ளைகளின் பெயர்கள். பார்த்தவுடன் பிள்ளைகளுக்கு அது என்ன என்று புரிந்துவிட்டது. காட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற அடுக்குப் பாத்திரம். மேலே பொரியல், நடுவில் குழம்பு, அடியில் சோறு. அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பொரியலடுக்கு, குழம்படுக்கு, சோத்தடுக்கு என்று பெயர் பரவிவிட்டது. தலைமையாசிரியர் அட்டவணையை நிதானமாகப் பார்த்தார். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: மூன்று அடுக்குக்கும் ஒரே உப்புமாதானே? மத்தியானம் பிள்ளைகளுக்குப் போடும் மக்காச்சோள உப்புமா அவர் பொறுப்பில் இருந்தது. ஒன்றுதான் என்றேன். அப்படியானால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

அடுக்குக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். இருந்தது நாங்கள் இரண்டு பேர். மற்ற வகுப்புகளைச் சத்தமில்லாமல் எழுத்து எழுதவிட்டுவிட்டு, மதியத்துக்கு மேல் இந்த ஏற்பாட்டை நடத்துவதாகத் திட்டம். முதல் அடுக்கை நான் வைத்துக்கொண்டேன். காரணம், நன்றாக வாசிக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது சுகமான வேலை. இரண்டாம் அடுக்கு தலைமையாசிரியருக்கு. அவர் வேப்பமரத்தடியில் அவர்களை உட்காரவைத்து, அவர்கள் படிப்பதைக் கண்ணை மூடிக் கேட்பார். சில நாள் கேட்டுக்கொண்டே நெடுநேரம் இருப்பார். மூன்றாம் அடுக்குக்கு ஆள் இல்லை. நல்ல ஆசிரியர் வேண்டும் என்று புத்தகம் சொன்ன இடம் அதுதான். அங்கே நான் கத்தரித் தோட்டத்துக்காரரின் மகளை நியமித்தேன்.

இதில் எனக்கு உள்நோக்கம் ஒன்று இருந்தது. நான்காம் வகுப்பு முடிந்தால் அடுத்த வகுப்புக்குக் கொல்லங்கோட்டுக்குப் பஸ்ஸில் போக வேண்டும். பையன்கள் போவார்கள். பெண் பிள்ளைகள் எருமைக்குச் சோளத்தட்டு அறுக்கப் போவார்கள், கடலை பறிக்கப் போவார்கள், சில வருஷங்கள் கழித்துக் கல்யாணம் ஆகிப் போவார்கள். இப்படி வாசிக்கிற ஒரு பெண் தட்டு அறுக்கப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. ஆடியில் ஒருநாள் தோட்டத்துக்கே போய் அவள் அப்பாவிடம் பேசினேன். மெலிந்த, உயரமான மனிதர். மண்வெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டார். முடிவில் சொன்னார்:

"பாக்கலாமுங்க சார். புள்ளைய ஒத்தையா பஸ்ல எப்புடிங்க அனுப்பறது?"

பணம் இல்லை, ஆள் இல்லை, காலம் சரியில்லை என்பதுபோல இதுவும் ஒரு சாக்கு என்று எடுத்துக்கொண்டேன். மகளின் திறமை அவருக்குத் தெரியவில்லை. தெரிய வைத்தால் மனம் மாறிவிடும் என்று என் கணக்கு. சும்மா கெட்டிக்காரி என்று சொல்வதைவிட, டீச்சர் என்றால் வீட்டில் மதிப்பு வரும் அல்லவா?

மதிப்பு வந்தது. அவள் தாவணிபோல ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் குச்சியோடு, சோத்தடுக்குக்கு முன்னால் நின்றாள். ஒரு வரி சொல்வாள். எல்லாரும் திருப்பிச் சொல்வார்கள். மறுபடி சொல்வாள். மில் வீட்டுப் பெண் மட்டும் எப்போதும் பின்தங்குவாள். மற்றவர்கள் வரியை முடிக்கும்போது அவள் விரல் முதல் சொல்லில் நிற்கும். டீச்சர் அவளைக் கடிந்துகொள்வது எங்கள் அடுக்குவரை கேட்கும். "புஸ்தகத்தையே பாத்துட்டிருந்தா எப்படிப் படிக்கறது? வாயைத் தொற அம்மிணி." இந்த வாக்கியம் எத்தனையோ முறை என் காதில் விழுந்தது. அதில் ஏதோ இடிக்கிறது என்று எனக்கு ஒரு முறைகூடத் தோன்றவில்லை.

ஓணம் விடுமுறை முடிந்ததும் மேற்பார்வை அதிகாரி வந்தார். மலையாளி, நல்ல மனிதர். தமிழ் பேசினால் புரியும். தமிழ் எழுத்து மட்டும் தெரியாது, அதை மறைக்கவும் மாட்டார். மூன்றாம் அடுக்கை வாசிக்கச் சொன்னேன். சோத்தடுக்கு தேனீப் பாடத்தை ஒரே குரலில் முழங்கிற்று. அதிகாரி ஒரு புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் பக்கம் புரட்டும்போது தானும் புரட்டினார். யோசித்துப் பார்த்தால் அது ஓர் அபூர்வமான காட்சி. முழங்குகிறவர்களுக்கும் வாசிக்கத் தெரியாது. கேட்கிறவருக்கும் வாசிக்கத் தெரியாது. அங்கே நின்ற பெரியவர்களில் தமிழ் எழுத்து அறிந்தவன் நான் ஒருவன்தான். நான் புத்தகத்தைப் பார்க்கவில்லை, அதிகாரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொள்ளாம் மாஷே, கொள்ளாம்" என்று மலையாளத்தில் மெச்சினார். பிள்ளைகள் தண்ணீர்போல வாசிக்கிறார்கள் என்று பார்வையாளர் ஏட்டில் எழுதினார். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களிடம் இந்த முறையைப் பற்றி நான் பேச வேண்டும் என்றும் சொன்னார். பேசினேன். கைதட்டினார்கள். பிள்ளைகளை மறுபடி சோதித்து அடுக்கு மாற்ற வேண்டும் என்ற விஷயம் அந்தச் சொற்பொழிவில் இருந்தது, பள்ளியில் இல்லை. அட்டவணை அழகாக இருந்தது. பெயர்களை அடித்து எழுதினால் கெட்டுவிடும்.

தை மாதம். கிழக்கேயிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று இரைந்துகொண்டிருந்த ஒரு காலைநேரத்தில் கத்தரித் தோட்டத்துக்காரர் பள்ளிக்கு வந்தார். மடித்த காகிதம் ஒன்றை நீட்டினார். பூச்சிமருந்துப் புட்டியோடு வருகிற விளக்கச் சீட்டு. பல மொழிகளில் பொடி எழுத்தில் அச்சடித்தது. பொள்ளாச்சியில் வாங்கியதாம். எவ்வளவு கலக்க வேண்டும் என்று கடையில் கேட்டதற்கு, சீட்டில் போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம்.

"ஏனுங்க சார், இதுல எத்தன மூடின்னு போட்டிருக்குதுங்க? கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

தமிழ்ப் பகுதியைத் தேடிப் படித்தேன். ஒரு டேங்க் தண்ணீருக்கு அரை மூடி.

அவர் சீட்டை எட்டிப் பார்த்தார். பிறகு, மறுபடி ஒரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். அரை மூடிதான்.

"பாப்பா நாலு மூடின்னு படிச்சாளுங்க" என்றார். "கெழக்குப் பக்கம் கத்திரி பூராமும் கருகிப்போச்சு."

குரலில் கோபம் இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. கோபப்பட்டிருந்தால் நானும் எதிர்த்து ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மகளைக் கூப்பிட்டோம். சீட்டைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவள் வாங்கி, தண்ணீர் மாதிரி, "ஒரு டேங்க் தண்ணிக்கு நாலு மூடி" என்றாள். நாலு எங்கே இருக்கிறது, விரல் வைத்துக் காட்டு என்றேன். அவள் விரல் வைத்த இடத்தில் மருந்து தயாரிக்கிற ஊரின் பெயர் இருந்தது.

"இதை உனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டேன்.

"மில் ஊட்டுத் தோப்புல மருந்தடிக்கறப்ப அப்புடித்தானுங்க சொன்னாங்க. மருந்துக்குன்னா அதுதானுங்களே?"

"அப்ப தேனீப் பாடம்?"

"அதுல தேனீப் படம் இருக்குதுங்களே சார். படத்தைப் பாத்தா பாடம் வந்துருமுங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டு, முதல்தடவையாகச் சற்றுத் தயங்கினாள். "எல்லாரும் அப்புடித்தானுங்களே படிக்கறாங்க?"

அவள் பொய் சொல்லவில்லை. யாரையும் ஏமாற்றவும் இல்லை. முதல் வகுப்பில் உட்கார்ந்த நாளிலிருந்து, தடுப்புச் சுவர் இல்லாத அந்தக் கூடத்தில், நான்காம் வகுப்புப் பாடங்களை வருஷா வருஷம் கேட்டிருக்கிறாள். புத்தகமும் மாறவில்லை. நான்காம் வகுப்புக்கு வந்தபோது அவள் காதில் ஏறாத பாடம் ஒன்றும் மிச்சமில்லை. வாசிப்பது என்றால் படத்தைப் பார்த்து அதற்குரிய பாடத்தை ராகத்தோடு சொல்வது என்று முடிவு கட்டியிருக்கிறாள். அந்தப் பள்ளியில் அவள் கண்ட எதுவும் அந்த முடிவுக்கு எதிராக இல்லை, நான் உட்பட.

தோட்டத்துக்காரர் சீட்டை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "செரிங்க சார். இந்த வருசத்தோட நிறுத்திக்கறமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கொல்லங்கோட்டுப் பஸ் அந்தப் பெண்ணுக்கு அத்தோடு போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது. அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

அன்று மதிய மணிக்கு முன்பே, கடலை மடித்து வந்த செய்தித்தாள் துண்டு ஒன்றை எடுத்து வகுப்பு முழுவதையும் மறுபடி சோதித்தேன். படம் இல்லாத துண்டு. பொரியலடுக்கு வரிசையாக வந்து, காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் படத்தைத் தேடி, கிடைக்காமல் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தது. ஓரிருவர் முதல் எழுத்தைக் கண்டுபிடித்து மிச்சத்தை ஊகித்தார்கள். குழம்படுக்கில் சிலர் சமாளித்தார்கள். கடைசியில் மில் வீட்டுப் பெண் வந்தாள். காகிதத்தை மூக்கருகில் கொண்டுபோனாள். விரலை வைத்தாள்.

"ப... ர... வ... லா... க... பரவலாக... ம... ழை..."

இந்தத் தடவை மணி அடித்தும் நான் எழுந்திருக்கவில்லை. உப்புமா ஆறிக்கொண்டிருப்பதாகத் தலைமையாசிரியர் சொல்லியனுப்பினார். அவள் வரியை முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பரவலாக மழை பெய்யுமுன்னு போட்டிருக்குதுங்க சார். இது என்னிக்குப் பேப்பருங்க? மழையே காணமே?"

அந்தக் கூடத்தில் அச்சடித்த காகிதம் ஒன்று ஒரு பிள்ளைக்கு ஏதோ சேதி சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல்தடவை. அவளுக்குக் காது மந்தம் இல்லை. கேட்டதைக் கேட்டபடி பிடித்துக்கொள்கிற ஞாபகம் மட்டும் இல்லை. அதனால் வேறு வழியில்லாமல் எழுத்துகளைப் பார்க்க வேண்டியிருந்திருக்கிறது. உண்மையாகவே வாசித்ததால்தான் நேரம் பிடித்தது. நான் மணியைப் பார்த்து அவளைக் கீழே போட்டேன். தேயிலைத் தொழிற்சாலையில் யாராவது இப்படிச் சலித்திருந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழித்திருப்பார்கள்.

அட்டவணையைச் சுவரிலிருந்து எடுத்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது. சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. செய்தித்தாளைச் சமாளித்த பிள்ளைகளை வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிட்டு, எழுத்தே தெரியாதவர்களோடு நான் உட்கார்ந்தேன். சுகமான வேலை அல்ல. அதனால்தான் புத்தகம் அதற்கு நல்ல ஆசிரியர் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. இருந்தது நான்.

தோட்டத்துக்காரர் மகள் இரண்டு நாள் வரவில்லை. வந்த அன்று ஒருவன், "டீச்சர், நீங்க இப்ப எந்த அடுக்குங்க?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அவள் நேராக, தான் மேய்த்த கூட்டத்தின் நடுவிலேயே போய் உட்கார்ந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு வந்தது மில் வீட்டுப் பெண். மில் வீட்டுப் பெண் இனிமேல் முதல் அடுக்கு என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அவள் அங்கே போகாமல் இவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். திட்டு வாங்கியதற்கு வட்டி வசூலிக்க நினைத்தாளோ என்னவோ.

ஓடிப் பழகியவளை நடக்க வைப்பது கஷ்டம். 'க' என்று ஓர் எழுத்தைப் பார்த்தால் போதும், "கத்திரிக்காய்" என்று முடித்துவிடுவாள். அந்த இடத்தில் 'கதவு' இருக்கும். இல்லை, அடுத்த எழுத்தைப் பார் என்றால், பார்ப்பதற்கு முன்பே "கடலை" என்பாள். மில் வீட்டுப் பெண் அவள் விரலைப் பிடித்து அந்த எழுத்தின் மேலேயே அழுத்தி வைத்துக்கொள்வாள். ஒருநாள் தோட்டத்துக்காரர் மகள் எரிச்சலில் சொன்னாள்: "இத்தன மெதுவாப் போனா எப்ப ஊடு போய்ச் சேர்றது?" மற்றவள் நிதானமாக, ஊட்டுக்குத்தானே போகிறோம், அது ஓடிப் போய்விடாது என்று பதில் சொன்னாள்.

பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவளுடைய காதில் இதுவரை விழாத எழுத்து வேண்டும். பழைய காலண்டர் தாள், பஸ் டிக்கெட், சோப்பு உறை, மில் சுவரில் ஒட்டியிருந்த கிழிந்த சினிமா போஸ்டர் என்று நாங்கள் படித்த இலக்கியம் பரந்துபட்டது. மாசி முடியும்போது அவள் திக்கித் திணறி வாசித்தாள். ஒரு பிள்ளை திக்குவதைக் கேட்டுப் பெருமைப்பட்ட ஆசிரியன் அந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

பங்குனி வெயிலில் அதே அதிகாரி மறுபடி வந்தார். பிள்ளைகள் வாசித்தார்கள். "தே... னீ..." என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக, தனித்தனி வேகத்தில். அதிகாரி கொஞ்ச நேரம் பொறுமையாகப் பக்கம் புரட்டக் காத்திருந்தார். பக்கம் முடிகிற வழியாகத் தெரியவில்லை. என்ன நடந்தது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் தலையசைத்துக் கேட்டுவிட்டு, சென்ற முறை கண்ட முன்னேற்றம் இம்முறை காணப்படவில்லை என்று ஏட்டில் எழுதிவிட்டுப் போனார். என் பாட்டனார் தோட்டத்துக்கு வந்த காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் ஓரளவு உண்மையான வாக்கியம் அது.

பரீட்சை முடிந்ததும், தோட்டத்துக்காரர் மகளையும் கூட்டிக்கொண்டு கத்தரித் தோட்டத்துக்குப் போனேன். கையில் வேறொரு மருந்துச் சீட்டு. மில் வீட்டிலிருந்து வாங்கியது. அவள் பார்த்ததே இல்லை. அவள் அப்பா மடை திருப்பிக்கொண்டிருந்தார். கருகிய கிழக்குப் பக்கத்தில் புதிதாக மிளகாய் நாற்று வைத்திருந்தது. அவள் வரப்பில் நின்று வாசித்தாள். ஓர் எழுத்து, ஓர் எழுத்தாக. தண்ணீர் அடுத்த பாத்தியை நிரப்பிவிட்டது, அவள் இன்னும் முதல் வரியில் இருந்தாள். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் என்னைப் பார்த்தார். சரியாகத்தான் வாசித்தாள் என்றேன். அந்த உத்தரவாதத்துக்கு அவரிடம் இருந்த மதிப்பு எனக்குத் தெரியும். "செரிங்க" என்றார். மறுபடி மடைக்குப் போய்விட்டார். சரி என்றால் எது சரி என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கோடை விடுமுறையைப் பீர்மேட்டில் கழித்தேன். அந்த வரப்பை நினைத்துக்கொண்டே கழித்தேன் என்பது உண்மை. ஜூன் மாதம் பள்ளி திறக்கிற நாளன்று நான் திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, அதே நிறுத்தத்தில் கொல்லங்கோட்டுப் பஸ்ஸுக்காக அவள் நின்றிருந்தாள். புதுப் பை, எண்ணெய் வழிய வாரிய தலை. பக்கத்தில் மில் வீட்டுப் பெண், அதே மாதிரிப் பையோடு. தோட்டத்துக்காரர் சற்றுத் தள்ளிப் புளியமரத்தடியில் நின்றார். பஸ் வந்தது. தோட்டத்துக்காரர் மகள் பஸ்ஸின் நெற்றிப் பலகையில் தமிழிலும் எழுதியிருந்த ஊர்ப் பெயரை உதட்டசைத்துப் படித்துக்கொண்டே நின்றாள். கண்டக்டர் இரண்டு தடவை அதட்டினார். படித்து முடித்துவிட்டுத்தான் ஏறினாள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை கோணலுக்குப் பிறகும் ஒன்று நேராகியிருக்கிறது. அவரிடம் போய், அன்றைக்குத் தோட்டத்தில் அவள் வாசித்ததைக் கேட்டு மனம் மாறினீர்களே அண்ணாச்சி, அது பெரிய காரியம் என்று ஆரம்பித்தேன். பொறுமையான பயிற்சி, மூன்று அடுக்கு, முறையைத் திருத்திக்கொண்டது என்று இன்னும் கொஞ்சம் தயாராக வைத்திருந்தேன். அவர் பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதில்லீங்க சார்" என்றார். "மில் ஊட்டு அம்மிணி போகுதுங்க. தொணைக்கு ஆள் வேணுமுன்னு அவிய அம்மா வந்து கேட்டாங்க. ஒத்தையாத்தான் அனுப்ப முடியாதுன்னு உங்ககிட்ட அன்னிக்கே சொன்னனுங்களே. ரெண்டு பேருன்னா போய்ட்டு வரட்டும், அதுக்கென்னங்க?"

மில் வீட்டில் இதை முன்பே கேட்டிருக்கக் கூடாதா என்று முணுமுணுத்தேன்.

"எப்புடிங்க கேப்பாங்க? படிப்பு வராத புள்ளைன்னு நீங்கதான செவுத்துல எழுதி ஒட்டி வெச்சிருந்தீங்க. அந்த அம்மிணியச் சோத்தடுக்குல போடாம இருந்திருந்தீங்கன்னா, இந்தப் பேச்சு போன ஆடியிலயே முடிஞ்சிருக்குமுங்க."